வலப்பக்கத்துப் பெண்

மகனே,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமைத் தபாலில் வந்தது. மூன்று முறை படித்தேன். நீ கேட்டிருப்பது இன்னது என்பதில் எனக்குத் தவறு நேர்ந்துவிடக் கூடாது என்று, அதை ஒரு தனித்தாளில் சுருக்கி எழுதியும் பார்த்தேன். மணமாகி ஏழு ஆண்டு ஆகியும் மரகதத்துக்குக் குழந்தை இல்லை. செஞ்சிப் பக்கம் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருக்கிறாய். மயிலம் மலையில் தாலி கட்டிவிட்டால் வெளியே தெரியாது. சட்டம் இடம் கொடுக்காது. ஆனால் மரகதம் புகார் எழுதிக் கொடுக்காதவரை சட்டம் தானாக வந்து கதவைத் தட்டாது. ஆகவே அவளுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். "உங்களை விட்டால் யாரும் இல்லை அப்பா. உங்கள் பேச்சில் கோபமே இருக்காது. நீங்கள் சொன்னால் கேட்டுக்கொள்வாள்" என்று முடித்திருக்கிறாய்.

நீ ஆளைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறாய். இந்த வேலை எனக்குத் தெரியும். முன்பு ஒரு முறை செய்திருக்கிறேன். உன் அத்தைக்கு, என் சொந்த அக்காவுக்குச் செய்தேன். நீ அப்போது சென்னையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். விடுமுறைக்கு வந்தபோது, அத்தையே முன்நின்று மாமாவுக்கு இரண்டாம் கல்யாணம் செய்து வைத்தாள், எவ்வளவு பெரிய மனது பார் என்று உனக்குச் சொன்னோம். சொன்னவன் நான்தான். அந்தக் கதையை நம்பித்தான் இன்று நீ எனக்கு எழுதியிருக்கிறாயோ என்று எனக்குச் சந்தேகம். அதனால் நடந்ததை ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன். நான் எதையும் வரிசையாகச் சொல்லித்தான் பழக்கம், பொறுத்துக்கொள்.

விழுப்புரத்தில் முப்பது ஆண்டு சரித்திரம் சொல்லிக்கொடுத்தேன் என்றாலும், என் மனம் ஒட்டியிருந்தது பழைய படங்களில். உனக்கு அந்த நீல அட்டை நோட்டு நினைவிருக்கும். நிறம், கை, மலர், பறவை, பக்கம் என்று கட்டம் போட்டு, பார்த்த படம் ஒவ்வொன்றிலும் எதற்கு என்ன பொருள் என்று குறித்து வைப்பேன். வடக்கே அரண்மனைகளில் வரைந்த படங்களில் விரித்துவைத்த படுக்கை காலியாக இருந்தால் அவன் வரவில்லை என்று பொருள். கருமேகத்தின் மேல் வெள்ளைக் கொக்குகள் பறந்தால் மழைக்காலம் வந்துவிட்டது, இனியும் அவன் வரவில்லை என்று பொருள். அரசன் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் இருக்கும். சுற்றி நிற்கிறவர்கள் அவன் தோளுக்கு எட்ட மாட்டார்கள். உனக்குப் பத்து வயது இருக்கும்போது அப்படி ஒரு படத்தைக் காட்டி, ராஜா ஏன் எல்லோரையும்விடப் பெரியவராக இருக்கிறார் என்று கேட்டேன். "வரையச் சொன்னவரு அவருதானேப்பா" என்றாய். ஆசிரியர் அறையில் அதைச் சொல்லிச் சிரித்தேன். அந்த நோட்டில் நான் எழுதிய அத்தனையையும்விட அந்தப் பதில் சரியானது என்று தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் சில ஆண்டுகள் ஆயின.

உன் மாமாவைப் பற்றி உனக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெருமுக்கல் பக்கம் நிலம், திண்டிவனத்தில் மல்லாட்டைக் கடலை மண்டி, ஊரில் நல்ல செல்வாக்கு. எனக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது அவர் ஒரு வார்த்தை சொன்னதால். அவர் எதிரில் நான் உட்கார்ந்ததில்லை. உட்காரச் சொன்னாலும் நாற்காலியின் ஓரத்தில்தான். அத்தைக்கு இருபது ஆண்டுக்கு மேலாகக் குழந்தை இல்லை. அந்த வருஷம் அவர் பூஜை அறைக்கு ஒரு பெரிய படம் வேண்டும் என்று தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு படக்காரரை வரவழைத்து வீட்டோடு தங்க வைத்தார். பலா மரப் பலகையில் துணி ஒட்டி, சுண்ணம் பூசி, தங்க ரேக்குத் தாளும் கண்ணாடிக் கல்லும் பதித்துச் செய்கிற படம். நடுவில் முருகன், இரண்டு பக்கமும் வள்ளி, தெய்வானை. மயிலத்து முருகன் அவருக்குக் குலதெய்வம் போல. அதனால் இந்தப் படத்தைக் கேட்டதில் யாருக்கும் சந்தேகம் தோன்றவில்லை. அடியில், படம் செய்வித்தவரையும் அவர் மனைவியையும் கைகூப்பிய நிலையில் சிறிதாக வரைவது வழக்கம். வரையச் சொன்னவர் சுவாமியின் காலடியில் சிறியவராக நிற்பார். ஆனால் சுவாமி இருக்கும்வரை அவரும் நிற்பார். சனிக்கிழமைதோறும் நான் பஸ் ஏறிப் போய், கை முத்திரை சரியா, மலர் சரியா என்று பார்த்துச் சொல்வேன். அந்த வீட்டில் என் படிப்புக்கு மதிப்பு இருந்த ஒரே காலம் அது. எனக்கு அது பிடித்திருந்தது.

இனி என் தவறைச் சொல்கிறேன். மூன்றாவது சனிக்கிழமை பலகையில் கோடுகள் முடிந்திருந்தன. மேலே முருகன், அவருக்கு வலப்பக்கம் வள்ளி, இடப்பக்கம் தெய்வானை. கீழே நடுவில் உன் மாமா, அவருக்கு இடப்பக்கம் அத்தை. மாமா என் பின்னால் நின்று, "இன்னா வாத்தியாரே, எல்லாம் சரியா கீதா?" என்றார். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மேலே மூவர் இருக்கிறார்கள், கீழே இருவர்தான் இருக்கிறார்கள், வலப்பக்கம் காலியாக இருப்பதால் படத்தின் கனம் ஒரு புறமாகச் சாய்கிறது, இதை இப்படி விடுவது முறையல்ல என்றேன். ஒரு விளக்கோ மயிலோ வைக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் சிரித்துவிட்டார். சமையலறைப் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னார்:

"கேட்டியாமே? ஒன் தம்பியே சொல்லிட்டான். வலது பக்கம் காலியா இருக்கக் கூடாதாம்!"

அவர் மனதில் அது ஏற்கெனவே இருந்ததா, என் வாயிலிருந்துதான் எடுத்துக்கொண்டாரா என்று இத்தனை ஆண்டாக யோசிக்கிறேன். முடிவுக்கு வர முடியவில்லை. மயில் என்ற சொல்லை முதலில் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் யோசிக்கிறேன். ஒன்றும் ஆகியிருக்காது என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அப்படித் தோன்றுவது எனக்குச் சாதகமாக இருப்பதால் அதை நான் நம்புவதில்லை.

அடுத்த வாரம் போனபோது வலப்பக்கத்தில் ஒரு பெண் இருந்தாள். சேலை மடிப்பு, ஒட்டியாணம், கூப்பிய கை, வளையல் கல் எல்லாம் இருந்தன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சுண்ணம் வெள்ளையாக இருந்தது. அத்தை சாப்பாட்டு இலையோடு வந்து நின்று படக்காரரைக் கேட்டாள்.

"இது யாருங்க?"

"எசமான் போடச் சொன்னாருங்கம்மா. மூஞ்சி மட்டும் பொறவு சொல்றேன்னாரு."

அவள் இலையைப் போட்டு, தண்ணீர் தெளித்து, சோறு பரிமாறினாள். குழம்பை ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு ஒவ்வொரு நாள் காலையிலும் அந்த முகமில்லாதவளுக்கும் சேர்த்துத்தான் அவள் விளக்கேற்றினாள். பெண் தேடும் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. கூட்டேரிப்பட்டில் ஒரு குடும்பம் சம்மதித்தது. சட்டம் அப்போதே வந்துவிட்டது. மாமாவுக்கு வக்கீல் சிநேகிதர் ஒருவர் உண்டு. வீட்டுக்காரம்மா எழுதிக் கொடுக்காதவரை ஒன்றும் இல்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். நீ எழுதியிருக்கும் அதே வாக்கியம். மாமா என்னை மண்டிக்கு அழைத்து மூட்டைகளுக்கு நடுவில் நிற்க வைத்துச் சொன்னார்:

"படத்தப் பத்தி ஒங்கக்காவுக்குக் கொஞ்சம் வெளக்கமா சொல்லுடா. நான் சொன்னா சண்டையா பூடும். நீ சொன்னா பாடமா பூடும்."

மறுநாள் சொன்னேன். பூஜை அறை வாசலில் அத்தை முறத்தை மடியில் வைத்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். நான் நோட்டைக் கொண்டு போய், படத்துக்கு முன்னால் மாமாவின் மணையில் உட்கார்ந்திருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் என் காது சூடாகிறது. வேல் ஞான சக்தி, வள்ளி இச்சா சக்தி, தெய்வானை கிரியா சக்தி. அறிவும் விருப்பமும் செயலும் ஓரிடத்தில் சேர்ந்தால்தான் அது முழுமை என்றேன். வள்ளி கையில் தாமரை, தெய்வானை கையில் நீலோற்பலம். சுவாமியின் ஒரு கண் சூரியன், மறு கண் சந்திரன், அதனால் இரண்டு மலரும் வாடுவதில்லை என்றேன். இரண்டு கண்ணில் எது வேண்டாம் என்று சொல்ல முடியும் என்று கேட்டேன். முதலில் வந்தவள் தெய்வானை, அவள் இடம் அவளுக்கே, வள்ளி வந்ததால் அவள் ஒரு விரற்கடைகூடச் சிறுத்துப்போகவில்லை, அளந்து பார் என்றேன். ஒரு மணி நேரம் பேசினேன். நன்றாகப் பேசினேன். வகுப்பில் அவ்வளவு தெளிவாக நான் பேசியதில்லை.

அத்தை உரிப்பதை நிறுத்தவில்லை. முடித்ததும் தலை நிமிர்ந்து கேட்டாள்.

"ஏன்டா தம்பி, இந்த ரெண்டு பேருல யாருக்காச்சும் புள்ள இருக்குதா?"

கந்தனுக்கு ஆலயம் உண்டு, படை உண்டு, கொடி உண்டு. பிள்ளை உண்டு என்று நான் எங்கும் படித்ததில்லை. ஆனாலும் வாத்தியார் வாய் சும்மா இருக்குமா? "அவங்க பொம்பளைங்க இல்லக்கா. சக்திங்க" என்றேன்.

"அப்படியா. நான் பொம்பள. அதான் எனக்கு இதெல்லாம் வௌங்கல." முறத்தைத் தட்டித் தோலை ஊதினாள். "நல்லாத்தான் படிச்சிருக்கற. ஒங்க மாமாகிட்ட சொல்லு, நான் யாருகிட்டயும் போய் ஒண்ணும் எழுதிக் குடுக்க மாட்டேன்னு."

நான் போய்ச் சொன்னேன். அவர் என் முதுகில் தட்டினார். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். மறைத்தால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை.

கல்யாணம் மயிலம் மலையில் நடந்தது. அத்தைதான் தாலித் தட்டை ஏந்தினாள். பிறகு படக்காரர் முகம் எழுத வந்தார். புதுப்பெண் வெட்கப்பட்டு எதிரில் வந்து உட்கார மறுத்தாள். மாமா அத்தையைப் பார்த்து, "நீ ஒக்காருமே. இவளுக்குப் பதிலா" என்றார். வீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். படக்காரருக்குத்தான் கூச்சம். "வேணாங்க எசமான். இந்தப் படத்துல ஜாடைக்கு எழுதறது இல்லீங்க. எல்லாப் பொம்பளைக்கும் ஒரே மூஞ்சிதான். எந்தப் பக்கம் நிக்கிறாங்கன்னு வச்சித்தான் யாருன்னு சொல்றது" என்றார். அவர் சொன்னது உண்மை. என் நோட்டில் அது தனிக் கட்டமாகவே இருக்கிறது. அவர் எழுதி முடித்தபோது இரண்டு பெண்களுக்கும் ஒரே மூக்கு, ஒரே கண், ஒரே புன்னகை. அத்தை பலகைக்கு அருகே போய்ப் பார்த்தாள். "எம் மூஞ்சியவே எடுத்துக் குடுத்துட்டாங்க" என்றாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

இரண்டு ஆண்டு கழித்து ஒரு நாள் மதியம் அவள் விழுப்புரம் வீட்டு வாசலில் தகரப் பெட்டியோடு நின்றாள். புதியவளுக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. பூஜை அறைக்கு அத்தை வரக் கூடாது, குழந்தைக்குக் கண்பட்டுவிடும் என்று சொல்லிவிட்டார்கள். உன் அம்மா உள்ளே அழைத்துப்போய்ச் சோறு போட்டாள். நான் கூடத்தில் நடந்துகொண்டே இருந்தேன். எனக்கு இருந்த பயம் எளிமையானது: மாமாவின் ஒரு வார்த்தையால் வந்த வேலை, இன்னொரு வார்த்தையால் போய்விடும். உன் படிப்புக்கு இன்னும் ஓராண்டு இருந்தது. நாலு மணி பஸ்ஸுக்கு நானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளை அழைத்துப் போனேன். வழியெல்லாம் பெண்ணுக்குப் புகுந்த வீடுதான் மரியாதை என்று சொல்லிக்கொண்டே போனேன். அவள் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "ஜல்தி நட, பஸ்ஸு பூடும்." உன் அம்மா அதற்குப் பிறகு சாகும்வரை என்னிடம் படங்களைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை. உன் படிப்பு முடிந்தது, சர்க்கார் வேலை கிடைத்தது. அது எதன் மேல் நிற்கிறது என்று உனக்கு யாராவது சொல்ல வேண்டும். இப்போது சொல்லியாயிற்று.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை திண்டிவனம் போனேன். அத்தை கொல்லைப்புறத்து அறையில் இருக்கிறாள். "வாங்க வாத்தியாரே, ஒக்காருங்க" என்றாள். பல ஆண்டாக என்னை அப்படித்தான் அழைக்கிறாள். மோர் கொடுத்தாள். கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்து, பல் இல்லாத வாயால் கொஞ்சம் சிரித்தாள்.

"புள்ளைய நல்லா வளத்துகிறீங்க."

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அதற்கும் சில வாக்கியங்கள் தயாரித்துப் போயிருந்தேன். அவள் கையை ஆட்டி நிறுத்தினாள். "அந்தப் பேஜாரு எனக்கு வேணாம். ஒண்ணு கேட்டுக்கோங்க. நான் படத்தப் பாத்தா சரின்னு சொன்னேன்? சாமி ரெண்டு கட்டிக்கினா எனக்கு இன்னா? எனக்குன்னு இருந்தது நீ ஒருத்தன். நீ அவரு பக்கம் ஒக்காந்துக்கினு நோட்ட பிரிச்சப்பவே எனக்குத் தெரிஞ்சிபோச்சி, இனிமே கேக்க ஆளில்லன்னு. அதுக்குத்தான் சரின்னேன்." பதினாலு ஆண்டில் முதல் முறையாக நீ என்று சொன்னாள். சொல்லிவிட்டு உடனே, "மோர் அப்படியே கெடக்குது, குடிங்க" என்று மறுபடி பழைய மரியாதைக்குப் போய்விட்டாள்.

நிறத்துக்கும் மலருக்கும் பறவைக்கும் பொருள் எழுதிவைத்த நான், அந்தப் படத்துக்கு முன்னால் நான் உட்கார்ந்த இடத்துக்கு என்ன பொருள் என்று எழுதவில்லை. எழுத்தறியாத அவள் ஒரே பார்வையில் படித்துவிட்டாள். உனக்குச் சொல்ல என்னிடம் இருக்கும் புத்திமதி இவ்வளவுதான்: உனக்காகப் பேசப் போகிறவன் பொறுமையாகவும் அழகாகவும் பேசுகிறான் என்றால், நீ செய்யப் போவது அவ்வளவு கேவலமானது என்று பொருள். நல்ல காரியத்துக்கு என்னைப் போன்றவனை யாரும் தேடி வருவதில்லை.

நீ கேட்டபடி மரகதத்திடம் பேசிவிட்டேன். சனிக்கிழமை நீ அலுவலக முகாமுக்குப் போயிருந்தபோது உன் வீட்டுக்குப் போனேன். ஒரு மணி நேரம் எடுத்துச் சொன்னேன். எந்தச் சட்டம், எங்கே மனுக் கொடுப்பது, சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கிறவன் மனைவி இருக்கும்போது இன்னொருத்தியைக் கட்டினால் மேலதிகாரிக்கு என்ன எழுத வேண்டும், அதன் பிறகு அவன் வேலை என்ன ஆகும் என்று வரிசையாகச் சொன்னேன். என் பேச்சில் கோபமே இல்லை. நீ சொன்னது உண்மைதான். உன் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். உன் கையெழுத்து, உன் கையொப்பம், பெண்ணின் ஊர், நாள் எல்லாம் அதில் இருக்கின்றன; நீ எப்போதுமே தெளிவாக எழுதுவாய், அது நான் கற்றுக்கொடுத்தது.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. "மாமா, அவருக்கு வேல போச்சின்னா எனக்கும் சோறு கெடையாதே" என்றாள். அதற்கு என் ஓய்வூதியம் இருக்கிறது என்றேன். என்னை உற்றுப் பார்த்தாள். நான் மறுபடி பயந்துவிடுவேனா என்று பார்க்கிறாள் என நினைக்கிறேன். எனக்கே அது தெரியாது. அதனால்தான் காத்திருக்காமல் அங்கேயே மனுவை எழுதி, சாட்சி என்ற இடத்தில் முதலில் என் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டேன். தேதி மட்டும் போடவில்லை. அவளும் கையெழுத்துப் போட்டாள். கொண்டுபோய்க் கொடுக்கட்டுமா என்று கேட்டதற்கு, "வேணாம் மாமா, இருக்கட்டும்" என்று மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டாள்.

என்ன செய்யப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும் நாளில் அவள் வழக்கம்போல் உனக்குச் சோறு போடுவாள், நாளைக்கும் போடுவாள். செஞ்சிக்கு நீ பஸ் ஏறும் அன்று அவள் தேதி போடக்கூடும். நீ போகாமலே இருந்தாலும் ஒரு நாள் போடக்கூடும். அதை நீ அவள் முகத்தில் தேடுவாய், தெரியாது. என்னிடம் வந்து கேட்காதே. சாவி அவளிடம் இருக்கிறது.

உன் அப்பா